அரைநிரம்பிய மட்டமும் அரைகுறை விடையும்

புறநடை என்பது இலக்கணநூலார் வழங்கிய சொல். பொதுவிதி கூறி முடித்த ஆசிரியர், அவ்விதியுள் அடங்காது எஞ்சி நின்றவற்றைப் புறந்தள்ளாது, அவற்றுக்கும் ஓரிடம் வகுத்து உரைக்கும் சூத்திரத்துக்கு அப்பெயர் அமைந்தது. தொல்காப்பியத்தில் இயல்கள் பலவற்றின் இறுதியில் அத்தகைய சூத்திரம் நிற்பதைக் கற்றோர் அறிவர். எமது நாட்டில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படலாயின பின்னர், இச்சொல் இரசாயன நூல்களினுள்ளும் புகுந்து நிலைத்துவிட்டது. ஆதலின், தாண்டல் மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்பிற் காணப்படும் புறநடைகளைப் பற்றித் தமிழாசிரியர் வாய்திறத்தல் வரம்பு கடந்த செயலாகாது என நம்புகின்றோம். இரசாயன ஆசிரியர்களின் வயலிற் புகுந்து உழுவது எம் நோக்கமன்று. அவர்களிடம் கேட்டும் நூல்களிற் கற்றும் தெளிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம். எம்மை இதனை எழுதத் தூண்டியது ஒரு சொல். அது ‘ஏனெனில்’ என்பது.

உயர்தர வகுப்பு மாணாக்கரின் குறிப்பேடுகளைப் புரட்டுவோர், குரோமியம், செம்பு என்னும் இரண்டின் பெயர்களுக்கும் கீழே இவ்வாறு ஒரு வாக்கியத்தைக் காண்பர்: “இவை பொதுவிதிக்குப் புறநடையாகும், ஏனெனில், அரைநிரம்பிய மட்டமும் முற்றாக நிரம்பிய மட்டமும் உறுதி கூடியவை.” வாக்கியத்தில் எழுத்துப் பிழையில்லை, சொற்பிழையில்லை, புணர்ச்சியும் செவ்விதே. ஆயினும் ‘ஏனெனில்’ என்னும் சொல் தன் கடமையைச் செய்யவில்லை என்பதே எம் குற்றச்சாட்டு. காரணம் கூறுவதாக முன்வந்து நின்று, காரணமல்லாத ஒன்றைக் காரணமாக்கிவிட்டு அது விலகிக்கொள்கின்றது. மாணாக்கன் அதனை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறுகின்றான். அவன் பெற்றது புள்ளியேயன்றி அறிவன்று.

விஞ்ஞானம் பயிலாத பழைய மாணவர் பொருட்டு விதியைச் சுருங்கக் கூறுதல் தகும். அணுவின் நடுவே கரு உளது. அதனைச் சூழ்ந்து இலத்திரன்கள் உள. அவ்விலத்திரன்கள் நின்ற நின்றவாறு நிற்பனவல்ல. அவற்றுக்கென வகுக்கப்பட்ட சக்திமட்டங்களில் அமைகின்றன. அம்மட்டங்களை 1, 2, 3, 4 என எண்ணாலும், அவற்றின் உட்பிரிவுகளை எஸ், பீ, டீ, எஃப் என எழுத்தாலும் குறிப்பர். எஸ் பிரிவு இரண்டு இலத்திரன்களையும், பீ ஆறினையும், டீ பத்தினையும், எஃப் பதினான்கினையும் கொள்ளும். ஓரிடத்தில் இரண்டுக்கு மேற்பட்ட இலத்திரன்கள் தங்கா என்னும் வரையறையைப் பௌலி என்னும் அறிஞர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டார். எம்மட்டம் முந்தி நிரம்பும், எது பிந்தி நிரம்பும் என்பதற்கான எளிய விதியொன்றை ஜேர்மனிய பௌதிக அறிஞராகிய எர்வின் மாடெலுங் 1936 இல் வெளிவந்த தம் நூலிற் காட்டினார். முதன்மைச் சொட்டெண்ணையும் திசைவிற் சொட்டெண்ணையும் கூட்டுக. தொகை குறைந்த மட்டம் முந்தும். தொகை ஒத்தவிடத்து முதன்மைச் சொட்டெண் குறைந்தது முந்தும். இதன்படி 4எஸ் மட்டத்தின் தொகை நான்கு, 3டீ மட்டத்தின் தொகை ஐந்து. ஆகவே பொற்றாசியத்திலும் கல்சியத்திலும் 4எஸ் நிரம்பி, ஸ்கண்டியம் முதலாக 3டீ நிரம்பத் தொடங்குகின்றது. சிறுவர் விரல்விட்டு எண்ணிக் கூறத்தக்க விதி. மூலகங்கள் நூற்றுப்பதினெட்டில் மிகப் பெரும்பாலானவற்றை இது தவறாமற் சொல்லிவிடுகின்றது என்பது வியக்கற்பாலதே.

இனி, இவ்விதிப்படி இருபத்துநான்காம் மூலகமாகிய குரோமியத்தின் புறத்தே 3டீயில் நான்கும் 4எஸ்ஸில் இரண்டும் இருத்தல் வேண்டும். இருப்பதோ ஐந்தும் ஒன்றும். இருபத்தொன்பதாம் மூலகமாகிய செம்பில் ஒன்பதும் இரண்டும் இருத்தல் வேண்டும். இருப்பதோ பத்தும் ஒன்றும். ஐந்து என்பது பத்தின் பாதி. பத்து என்பது முழுமை. எனவே பாதியும் முழுமையும் உறுதி என்றனர். பார்த்த மாத்திரத்தே மனத்திற் பதியும் அழகு இதற்கு உண்டு என்பதை மறுப்பாரில்லை. அவ்வழகே இடர் செய்கின்றது. நான்காம் ஆவர்த்தனத்தோடு பாடம் நின்றுவிடுதலின், இக்காரணத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மாணாக்கனுக்குக் கிட்டுவதேயில்லை.

ஐந்தாம் ஆவர்த்தனத்துக்குச் சென்று பார்ப்போம். அங்குள்ள டீ வரிசை மூலகங்கள் பத்தனுள் ஆறு புறநடைகள்: நையோபியம், மொலித்தனம், உருத்தேனியம், உரோதியம், பலேடியம், வெள்ளி. ஆறாம் ஆவர்த்தனத்தில் பிளாற்றினமும் பொன்னும் புறநடைகள். குரோமியத்தையும் செம்பையும் கூட்ட, இம்மூன்று வரிசைகளிலும் மொத்தம் பத்து. (லந்தனத்தை எவ்விடத்து வைப்பது என்னும் வழக்கு வேறு, அதனுட் புகுதல் இவண் வேண்டற்பாலதன்று.) இப்பத்தனுள் பாதி நிரம்பியவை குரோமியமும் மொலித்தனமும். முழுதும் நிரம்பியவை செம்பு, வெள்ளி, பொன், பலேடியம். ஆக ஆறு மூலகங்கள் குறிப்பேட்டு வாக்கியத்துக்குக் கட்டுப்படுகின்றன. எஞ்சிய நான்கையும் என் செய்வது? நையோபியத்தின் டீ மட்டத்தில் நான்கு, உருத்தேனியத்தில் ஏழு, உரோதியத்தில் எட்டு, பிளாற்றினத்தில் ஒன்பது. இவற்றுள் எது பாதி, எது முழுமை? விதியை மீறிய பத்துப்பேரில் நால்வரின் மீறலுக்கு எவ்விளக்கமும் தராத ஒன்றைக் காரணம் எனக் கூறல் எங்ஙனம் பொருந்தும்?

இடையே ஒன்று கூற விரும்புகின்றோம். பொன், வெள்ளி, செம்பு என்னும் மூன்றும் ஒரே நிரலில் நிற்கின்றன; மூன்றும் புறநடைகள். பொற்கொல்லன் பட்டடையில் நெடுங்காலமாகப் புழங்கிவந்த உலோகங்களே விதிக்கு அடங்காதவை என்பதை மாணாக்கர்க்குச் சொன்னால், புறநடை என்பது எங்கோ மூலையிற் கிடக்கும் அரிய பொருளின் இயல்பு என்னும் எண்ணம் நீங்கும். பலேடியமோ இவை எல்லாவற்றினும் விந்தையானது. அது ஐந்தாம் ஆவர்த்தனத்தில் இருந்தும் ஐந்தாம் மட்டத்தில் ஓரிலத்திரனும் இல்லாதது. பத்தும் 4டீயிலே தங்கிவிட்டன. தன் ஆவர்த்தனத்துக்குரிய மட்டம் முற்றும் வெறுமையாய் நிற்க அமைந்த மூலகம் இஃதொன்றே.

தங்குதன் என்னும் உலோகத்தையும் நோக்குக. பழைய மின்குமிழ்களின் இழையாக நாமெல்லாம் கண்ட பொருள் அது. குரோமியம், மொலித்தனம், தங்குதன் என ஒரே நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பன இவை. பாதி நிரம்புதலே காரணமாயின் மூன்றும் ஒருபடியாக நடத்தல் வேண்டுமன்றோ? தங்குதன் அவ்வாறு நடவாது, 5டீயில் நான்கும் 6எஸ்ஸில் இரண்டுமாக, விதி கூறியபடியே அமைந்துள்ளது. குறிப்பேட்டு வாக்கியத்தைக் கற்ற மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, தங்குதனுக்கு உறுதி வேண்டாமா?” என்று கேட்டால் அவனுக்கு யாது விடை? புறநடைக்குப் புறநடை என்று கூறி அவனை இருக்கச் செய்வது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. அவனது வினாவே அவ்வகுப்பில் அன்று நிகழ்ந்த சிறந்த நிகழ்ச்சி எனக் கொள்ளல் வேண்டும்.

குரோமியத்தின் உள்வீட்டிலேயே இவ்விளக்கம் ஆட்டங் காண்கின்றது என்பதை இனிக் காட்டுதும். இலத்திரன் நிலையமைப்பு எங்ஙனம் அறியப்பட்டது என்பதை முதலிற் சொல்லல் வேண்டும். அணுவைத் திறந்து எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. உலோகத்தை ஆவியாக்கி, அவ்வாவி வெளிவிடும் ஒளியைப் பிரித்து, நிறமாலையில் தோன்றும் கோடுகளை அளந்து, அவற்றிலிருந்து அணுவின் சக்திநிலைகளைக் கணித்தனர். அவ்வாறு கணித்த நிலைகளுள் மிகத் தாழ்ந்தது எவ்வமைப்புக்கு உரியதோ அதனையே அம்மூலகத்தின் அமைப்பு என நூல்கள் எழுதுகின்றன. குரோமிய ஆவியின் மிகத் தாழ்ந்த நிலை, 3டீயில் ஐந்தும் 4எஸ்ஸில் ஒன்றுமாக, ஆறு இலத்திரன்களும் தம் கறங்கல் ஒரே திசையில் அமைய நிற்பது. விதி கூறிய நான்கும் இரண்டுமான அமைப்பின் மிகத் தாழ்ந்த நிலை இதற்கு மேலே 0.96 இலத்திரன்வோற்று உயரத்தில் உள்ளது. இதுவரை யாவும் குறிப்பேட்டு வாக்கியத்துக்கு இசைந்ததே.

ஆயின் இன்னொரு நிலையும் நிறமாலையில் உண்டு. அதிலும் 3டீயில் ஐந்தே, 4எஸ்ஸில் ஒன்றே. பாதி நிரம்பிய மட்டம் சிறிதும் குலையவில்லை. வேறுபாடு ஒன்றேயொன்று: 4எஸ்ஸில் நிற்கும் தனி இலத்திரனின் கறங்கல் மட்டும் மற்றை ஐந்துக்கும் எதிராகத் திரும்பியுள்ளது. இந்நிலையின் உயரம் 0.94 இலத்திரன்வோற்று. அஃதாவது, பாதி நிரம்பிய மட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, புறத்தே நிற்கும் ஓரிலத்திரனை மட்டும் திருப்பிவிட, குரோமியம் பெற்றிருந்த ஊதியம் ஏறத்தாழ முழுதும் கரைந்துபோகின்றது. உறுதியைத் தந்தது பாதி நிரம்புதலே என்றால், அப்பாதி கையிலிருக்கவே உறுதி எங்கே போயிற்று? இவ்வொரு சான்றை அறிந்த பின்னர் அவ்வாக்கியத்தை அவ்வாறே எழுதுவிக்க எவருக்கும் கை கூசும் என எண்ணுகின்றோம்.

இன்னும் அண்மையிற் கிடைக்கும் சான்று வேண்டுவோர் எமது ஆய்கூடத்துக்குச் செல்க. அங்கே போத்தலில் நீலநிறமாக இருப்பது மயில்துத்தம், செப்புச் சல்பேற்று. அந்நீலம், இரண்டு நேரேற்றங் கொண்ட செப்பு அயனுக்குரியது. அவ்வயனின் 3டீ மட்டத்தில் ஒன்பது இலத்திரன்களே உள. ஓர் ஏற்றம் மட்டும் கொண்ட செப்பு அயனில் பத்தும் உள. முழுமை அதற்கே உரியது. முழுமையே உறுதியாயின், நீரில் ஓரேற்ற அயனே நிலைத்து, ஈரேற்ற அயன் அரிதாதல் வேண்டும். நிகழ்வதோ மறுதலை. ஓரேற்ற அயன் நீரில் தனித்து நில்லாது, ஒருபாதி செம்பாகப் படிந்து, மறுபாதி ஈரேற்ற அயனாக மாறிவிடுகின்றது. நீர் மூலக்கூறுகள் ஈரேற்ற அயனைச் சூழ்ந்துகொள்ளும்போது வெளியாகும் சக்தி மிகுதியாதலின் இங்ஙனம் நிகழ்கின்றது. மட்டம் நிரம்பியதா, நிரம்பவில்லையா என்பதனை அந்நீர் கேட்பதில்லை. ஆவியில் தனித்து நிற்கும் அணுவுக்குக் கூறப்பட்ட ஒன்றைக் கரைசலிலுள்ள அயனுக்கும் உலோகத் துண்டுக்கும் ஏற்றிக் கூறுதல், ஓரூரின் வழக்கை வேறோரூருக்குச் சட்டமாக்குதல் போலும்.

அங்ஙனமாயின் உண்மைக் காரணம் யாது என்று வினவுவர். அதனை ஒரு வரியில் அடக்கவியலாது என்பதே முதல் விடை. இயன்றவளவு எளிதாக்கிக் கூறுதும்.

ஒரு வீட்டை எண்ணிக்கொள்க. உள்ளே ஐந்து பாய்கள் விரித்த சிற்றறை ஒன்று; வெளியே அகன்ற விறாந்தை ஒன்று. சிற்றறை 3டீ மட்டம். விறாந்தை 4எஸ் மட்டம். ஸ்கண்டியம் முதலாகிய மூலகங்களில் சக்தி நோக்கிற் சிறந்தது உள்ளறையே. இது பலருக்கு வியப்பளிக்கும். 4எஸ்ஸே தாழ்ந்தது, ஆதலின் அது முந்தி நிரம்புகின்றது என்றன்றோ கற்றோம்? கல்சியம் வரைக்கும் அது பொருந்தும். ஸ்கண்டியத்தின் புறத்து மூன்று இலத்திரன்களையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தால், முதலாவது சேர்வது 3டீயிலேயே. அடுத்தவை இரண்டும் 4எஸ்ஸிற் சேர்கின்றன. நிறமாலை கூறும் செய்தி இது. உள்ளறை சிறந்ததாயினும் அது குறுகியது. இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. குறுகிய அறையில் நெருங்கினால் தள்ளுகை மிகும். அதனால் வரும் தொல்லை பெரிதாகும்போது, இருவர் விறாந்தையிற் படுப்பதே முழு வீட்டுக்கும் நலம். இதனாலேயே பெரும்பாலான தாண்டல் மூலகங்களில் 4எஸ்ஸில் இரண்டு நிற்கின்றன. இரும்பு தன் இலத்திரன்களை இழக்கும்போது 4எஸ்ஸிலுள்ள இரண்டும் முதலிற் செல்வதற்கும் காரணம் இதுவே. வெளியே படுத்திருப்போரே முதலில் எழுந்து போவர். “4எஸ் தாழ்ந்ததாதலின் முந்தி நிரம்பும், உயர்ந்ததாதலின் முந்தி நீங்கும்” என ஒரே மூச்சில் இரண்டும் கற்பிக்கப்பட்டு மயங்கும் மாணாக்கரின் மயக்கமும் இங்கே தீரும்.

வரிசையில் வலப்புறஞ் செல்லச் செல்லக் கருவின் ஏற்றம் கூடுகின்றது. கூடவே உள்ளறையின் சிறப்பும் கூடுகின்றது. விறாந்தையில் இருப்பவருள் ஒருவர் உள்ளே வந்துவிடுதல் நன்றா என்னும் வினா ஒவ்வொரு மூலகத்திலும் புதிதாக எழுகின்றது. குரோமியத்தில் நான்கு பாய்களில் நால்வர் தனித்தனியே இருக்க, ஐந்தாம் பாய் வெறுமையாக உள்ளது. உள்ளே வருபவர் எவரோடும் பாயைப் பகிர வேண்டியதில்லை. அன்றியும், ஒரே திசைக் கறங்கலுடைய இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகி நடத்தலின் அவற்றினிடைத் தள்ளுகை குறைகின்றது. இதனாற் பெறும் ஊதியத்தைப் பரிமாற்றச் சக்தி என்பர். டீயில் நான்கு இருப்பின் அத்தகைய சோடிகள் ஆறு. ஐந்து இருப்பின் பத்து. விறாந்தையில் எஞ்சிய ஒருவரும் அதே திசையில் நின்று அவ்வூதியத்திற் பங்கு கொள்கின்றார். அவரைத் திருப்பிவிட்டால் நேரும் இழப்பை மேலே கண்டோம். மங்கனீசில் பாய் ஐந்திலும் ஆளுண்டு. உள்ளே வருவோர் பாயைப் பகிர வேண்டும். ஆகவே விறாந்தையில் மீண்டும் இருவர். இவ்வாறு ஏறியும் இறங்கியும் சென்று, செம்பை அடையும்போது உள்ளறையின் சிறப்பு மிகுந்து, பத்தும் உள்ளே, ஒன்று வெளியே என முடிகின்றது.

இதனுள்ளே பாதியென்பதற்கும் ஓரிடம் உண்டு என்பதை வாசகர் கண்டிருப்பர். யாம் அதனை அடியோடு மறுக்கவில்லை. பல படைகள் மோதும் களத்தில் அதுவும் ஒரு படை. அதனையே வேந்தனாக முடிசூட்டியதைத்தான் மறுக்கின்றோம்.

ஐந்தாம் ஆவர்த்தனத்தில் 4டீ என்னும் அறை 3டீயினும் அகன்றது. நெருக்கத்தால் வரும் தொல்லை குறைவு. ஆதலின் விறாந்தையிற் கிடக்க வேண்டிய தேவையும் குறைகின்றது, புறநடைகள் பெருகுகின்றன, பலேடியத்தில் விறாந்தையே வெறிச்சோடிவிடுகின்றது. ஆறாம் ஆவர்த்தனத்திலோ கருவின் ஏற்றம் மிகப் பெரிது. எஸ் இலத்திரன்கள் கருவின் அருகே செல்லும்போது ஒளியின் வேகத்தில் குறிப்பிடத்தக்க ஒரு பங்கு வேகத்தை அடைகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியற் கொள்கைப்படி இதனால் 6எஸ் மட்டம் சுருங்கித் தாழ்கின்றது. விறாந்தை இப்போது முன்னையினும் வாய்ப்பான இடமாகிவிடுகின்றது. தங்குதன் தன் இரண்டு 6எஸ் இலத்திரன்களையும் விடாது பற்றியிருப்பதன் இரகசியம் இது. பொன்னுக்கு மஞ்சள் நிறம் வந்ததும் இவ்விளைவினாலேயே. மாணாக்கனது தங்குதன் வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்ட ஆசிரியர், ஐன்ஸ்டைனையும் தம் மனைவியின் தாலிக்கொடியையும் ஒரே வழியிற் சந்திக்கலாம். இத்தகைய வழியை ‘உறுதி கூடியவை’ என்னும் இரண்டு சொற்களால் அடைத்துவிடலாமா?

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. குரோமிய அணுவின் இருபத்துநான்கு இலத்திரன்களையும் முற்றாகப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தி இருபத்தெட்டாயிரம் இலத்திரன்வோற்றுக்கு மேற்பட்டது. நாம் வாதிடும் வேறுபாடோ ஏறத்தாழ ஒன்று. நிக்கலில் இது மேலும் நுணுகி, எட்டும் இரண்டுமான அமைப்புக்கும் ஒன்பதும் ஒன்றுமான அமைப்புக்கும் இடையே, தாழ்ந்த நிலைகளைக் கொண்டு நோக்கினால், 0.025 இலத்திரன்வோற்று மட்டுமே உள்ளது. தாழ்ந்த நிலை முன்னதற்குரியதாயினும், இரண்டனுடைய நிலைகளும் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடத்தலின், சராசரி எடுத்துப் பார்ப்பின் பின்னதே தாழ்வாக வருகின்றது. நிக்கல் விதிக்கு அடங்கியதா, அடங்காததா என்பதே நோக்குமுறையைப் பொறுத்ததாகிவிட்டது. மயிரிழையில் தீரும் இத்தகைய வழக்குகளில் பெருந்தத்துவம் ஒன்றின் பெயரால் தீர்ப்பெழுதுதல் தகாது.

எம் துறைக்கு மீள்வோம். ‘மருந்து’ என்னும் சொல் ‘பை’ என்பதோடு புணர்ந்து ‘மருத்துப்பை’ ஆகின்றது. மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிகின்றது. ‘வண்டு’ என்பதோ ‘கால்’ என்பதோடு புணர்ந்தவிடத்து ‘வண்டுக்கால்’ என்றே நிற்கும், ‘வட்டுக்கால்’ ஆகாது. இரண்டும் மென்றொடர்க் குற்றியலுகரமே. இலக்கணநூலார் சில திரியும், சில திரியா என்பதை உணர்ந்து, அவ்வளவில் விதியை வரையறுத்து நிறுத்தினர். வண்டுக்கு ஓர் உறுதியைக் கற்பித்து அதனாலே திரியாதாயிற்று எனச் சொல்ல முற்படவில்லை. பெயர்ச்சொற்களை வகுத்தவிடத்தும், காரணம் அறியக்கிடப்பதைக் காரணப்பெயர் என்றனர். அறியக்கிடவாததை இடுகுறிப்பெயர் என்றனர். ‘இடுகுறி’ என்னும் அப்பகுப்பு எத்துணை நேர்மையானது! அறியாதவிடத்து வாளாவிருக்கும் ஆற்றலை அது நூலுக்கு அளிக்கின்றது. இடுகுறிப் பெயருக்கு வலிந்து காரணங் கற்பிப்போரைப் புலவர் நகைப்பர். இரசாயன வகுப்பில் மட்டும் அவ்வலிந்த காரணத்துக்குப் புள்ளி வழங்குவானேன்?

இதற்கு வரும் மறுப்பை யாம் அறியாதோமல்லேம். பரீட்சை நெருங்குகின்றது; பாடப்பரப்பு பெரிது; பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பரிமாற்றச் சக்தியும் சார்பியலும் எதற்கு என்பர். முழுக் காரணத்தையும் கற்பியுங்கள் என்று யாம் கேட்கவில்லை. கற்பிக்கவியலாதபோது பொய்க்காரணத்தைக் கற்பியாதீர்கள் என்றே கேட்கின்றோம். “குரோமியத்தின் நிலையமைப்பு இது, இதனை நிறமாலை காட்டியது, விதி இங்கே பொருந்தவில்லை, இலத்திரன்களின் தள்ளுகையும் மட்டங்களின் சக்தியும் தம்முள் மிக நெருங்கிப் போட்டியிடுதலின் இவ்வாறாகின்றது” என எழுதுவதற்கு முன்னைய வாக்கியத்தினும் சில சொற்களே மிகுதியாக வேண்டும். இதனைக் கற்ற மாணாக்கன் பல்கலைக்கழகஞ் சென்ற பின்னர் எதனையும் மறக்க வேண்டியதில்லை. மேலே கட்டிக்கொண்டு போகலாம். மற்றையதைக் கற்றவனோ முதலில் இடித்துவிட்டே கட்டல் வேண்டும்.

வினா அமைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குரோமியத்தின் அமைப்பை எழுதுக என்று வினவுவதில் தவறில்லை. ‘காரணந் தருக’ என அதன் பின்னே சேர்ப்பதுதான் மாணாக்கனைப் பொய்க்குத் தூண்டுகின்றது. அதற்குப் பதிலாக, பத்துப் புறநடைகளையும் தங்குதனையும் தாளிற் கொடுத்து, ‘அரைநிரம்பலே காரணம் என்னும் கூற்று இவற்றுள் எவற்றுக்குப் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது?’ என வினவலாம். மனனஞ்செய்தவனும் சிந்திப்பவனும் அங்கே வேறுவேறாகத் தெரிவர். விடையைத் திருத்துதலும் கடினமன்று.

இவ்விழா ஆண்டில் கல்லூரிக்கு ஏதேனும் செய்யவேண்டும் எனப் பழைய மாணவர் சிலர் ஆலோசிப்பதாகக் கேள்வியுறுகின்றோம். ஆய்கூடத்துச் சுவரில், டீ வரிசை மூலகங்கள் அனைத்தினதும் நிலையமைப்பைக் காட்டும் பெரியதோர் அட்டவணையை எழுதுவித்தல் சிறு செலவில் முடியும் காரியம். புறநடைகள் பத்தும் வேறு நிறத்தில் அமைக. ஒவ்வொன்றின் கீழும் அதற்கும் விதி கூறும் அமைப்புக்கும் இடையேயுள்ள சக்தி வேறுபாடு இலத்திரன்வோற்றிற் குறிக்கப்படுக, குரோமியத்துக்கு 0.96 என்றும் செம்புக்கு 1.39 என்றும் தொடங்கலாம். தங்குதனுக்கு அருகே, பாதி நிரம்பிய அமைப்பு அதற்கு 0.37 உயரத்தில் மேலே நிற்பதும் எழுதப்படுக. ‘ஏனெனில்’ என்னும் சொல் அவ்வட்டவணையில் எவ்விடத்தும் வரலாகாது. தலைப்பையும் மூலகங்களின் பெயர்களையும் பிழையறத் தமிழில் எழுதித்தர யாம் ஆயத்தமாயுள்ளோம்; எண்களைச் சரிபார்த்தல் இரசாயன ஆசிரியர்களின் பொறுப்பு.